புனிதருக்கு நான் கட்டிய நகர வாசல்

மொன்றியலின் லாசாலில் பதினொரு வீடுகளின் நிலக்கீழ் அறைகள், பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டு கடைகளின் தட்டுகள், எங்கள் பங்குக் கோயில் மண்டபத்து மேடை, ரொக்ஸ்பரோவில் என் சொந்த வீடு. எல்லாம் இந்தக் கையால் கட்டியவை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களை வைத்துக்கொண்டு இங்கே வேலைக்குப் போனவன்.

கடைசியாகக் கட்டியது ஒரு நகர வாசல். எங்கள் திருநாளின் புனிதர் போர்வீரர். நகர வாசலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிக் கொடுத்தவர். அவருடைய சொரூபம் பவனி போகும் வழியில் அப்படி ஒரு வாசல் நிற்க வேண்டும் என்று சொன்னதே நான்தான்.

மகள் கைபேசியில் பழைய ஐரோப்பியக் கோட்டை வாசல்களைப் போட்டுக் காட்டினாள். இரண்டு பக்கமும் வட்டக் கோபுரம், நடுவில் வளைவு, மேலிருந்து சங்கிலியில் இறங்கும் கம்பிக் கதவு. பொழுதுபட்டால் இறக்கிவிடுவார்களாம், பிந்தி வந்தவன் வெளியே கிடக்க வேண்டியதுதான். உள்ளே வரும் சாமானுக்கு அங்கேயே வரி. பீரங்கி வந்தபின் மதில்கள் உதவவில்லை. வண்டிக்கு வழி வேண்டுமென்று ஊரவர்களே பல வாசல்களை இடித்தார்கள். மொன்றியல் மதிலுக்கும் அதே கதிதான். பழைய நகரத்தில் அதன் அடிக்கற்கள் மட்டும் கிடக்கின்றன.

ஐந்து கிழமை ஒட்டுப்பலகையோடு மல்லுக்கட்டினேன். மேசையில் நின்ற சொரூபத்தை அடியிலிருந்து முடிவரை அளந்து, மேலே ஒரு முழம் விட்டு வளைவைப் பூட்டினேன். அதன் மேல் ஒரு கம்பிக் கதவும் தொங்கவிட்டேன்.

திருநாளன்று எட்டுப் பேர் சொரூபத்தைத் தோளில் தூக்கி வந்து வாசலுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். தூக்குகிறவர்களின் தோள் உயரத்தை நான் கூட்டவில்லை.

“அண்ணை, புனிதரைக் கொஞ்சம் குனியச் சொல்லுங்கோ!” என்றான் தூக்கியவர்களில் ஒருவன். சனம் சிரித்தது.

“பகிடியை விடு. கீழை பதிச்சுப் பிடியுங்கோ,” என்றேன்.

“எவ்வளவு பதிச்சாலும் போகாது. வளைவைக் கழட்டுவம்,” என்றார் திருநாள் குழுத் தலைவர்.

“சுத்திக்கொண்டு போகேலாதோ?”

“ரெண்டு பக்கமும் கார் நிக்குது, அண்ணை.”

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்கு ஏணி கூடாது. மூன்று பேர் ஏறினார்கள். கீழே நின்று “மெதுவாய், மெதுவாய்” என்று கத்தத்தான் என்னால் முடிந்தது. கம்பிக் கதவு முதலில் விழுந்தது. பூட்டிய ஆணிகள் கழரவில்லை. வளைவை மரம் அரியும் வாளால் அறுத்தார்கள். சொரூபம் போனது. எல்லாரும் பாடினார்கள். நான் அறுத்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

அடுத்த ஞாயிறு வந்த பங்கு மடலில், பவனியைக் காப்பாற்றிய அந்த மூவருக்கும் நன்றி. வாசலுக்குக் கல் போலச் சாயம் பூசிய பிள்ளைகளுக்கும் நன்றி. கட்டியவனுக்கு ஒரு வரி இல்லை. தலைவரிடம் கேட்டேன்.

“பேந்து பாப்பம், அண்ணை.”

பேந்தும் வேண்டாம், பிறகும் வேண்டாம். வருகிற மடலிலேயே போடுங்கள்: அந்த வாசலைக் கட்டியது நான். உயரத்தில் பிழைவிட்டதும் நான்தான். அதையும் சேர்த்தே போடுங்கள்.