தங்கத்தின் சந்தனநிறக் கைகள்

வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றிய ஓவியங்களாம். நாகர்கோவிலில் கண்காட்சி வைத்திருந்தார்கள். பேத்தி என்னை இழுத்துக்கொண்டு போனாள். செங்கல் சுமக்கும் பையன், தீப்பெட்டி ஒட்டும் சிறுமி என்று பார்த்துக்கொண்டே வந்த நான், முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு பெண்பிள்ளையின் முன்னால் நின்றுவிட்டேன். "பாட்டி, காலு வலிக்கா?" என்றாள் பேத்தி. ஆமாம் என்று சொல்லிவைத்தேன். இந்த வயதில் எதிலிருந்தும் கால்வலியைச் சொல்லித் தப்பிக்கலாம்.

முந்திரிக்கொட்டை வறுக்கும் புகையின் நெடி உங்களுக்குத் தெரிந்திருக்காது. தொண்டையைக் கமறவைக்கும். கருங்கல் ஊர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த இடத்தில் மூச்சு என்றால் அந்தப் புகைதான். முந்திரிக்கொட்டைக்கு எங்கள் ஊரில் அண்டி என்று பெயர். அதை உடைக்கும் இடம் அண்டி ஆபீஸ். "ஆபீசுக்குப் போறேன்" என்று நானும் கொஞ்சநாள் பெருமையடித்துத் திரிந்தேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்குப் பத்து வயது, தங்கச்சி தங்கத்துக்கு எட்டு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் பொள்ளவைக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்போம். ஆனாலும் தோல் உரியும், உரிந்த இடத்தில் கறை ஏறும். இரண்டு பேர் கையும் ஒரே கறுப்பு.

முதலாளி வீட்டு முன்னறையில் மாட்டுவதற்குப் படம் வரைய ஒரு சித்திரக்காரர் வந்தார். தங்கத்துக்குக் களையான முகம். அவளையே தேர்ந்தெடுத்து, மடியில் முந்திரிப்பழக் கூடையை வைத்து உட்காரச் சொன்னார். வரைந்து முடித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். படத்தில் கைகள் சந்தன நிறத்தில் இருந்தன.

"இது எனக்க கை இல்லியே" என்றாள் தங்கம்.

"உள்ளபடி வரைஞ்சா செவருல யாரு மாட்டுவா பிள்ளே?" என்று அவர் சிரித்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டை நெருங்கும்போதுதான் கேட்டாள்: "அக்கா, தேச்சா வெளுக்குமா?"

"வெளுக்காது ஏட்டி. பேசாம வா."

மறுநாள் அம்மை புல்லறுக்கப் போயிருந்தாள். கிணற்றடியில் சுண்ணாம்பையும் மணலையும் வைத்துத் தங்கம் கைகளைத் தேய்த்திருக்கிறாள். நான் போனபோது கல்லெல்லாம் ரத்தம். அவள் அழவில்லை. "இங்க கொஞ்சம் வெளுத்திருக்கு, பாரு" என்று நீட்டிக் காட்டினாள். அது தோல் போன இடம்.

கைகள் வீங்கின. மஞ்சள் அரைத்துப் பூசினோம். வைத்தியர் வந்து பச்சிலை வைத்துக் கட்டினார். பிறகு காய்ச்சல் ஏறி, தாடை கிட்டித்துக்கொண்டது. "ஒரு வாய் குடி மக்கா" என்று அம்மை கஞ்சித்தண்ணியோடு பக்கத்திலேயே இருந்தாள். ஒரு சொட்டு இறங்கவில்லை. தங்கம் போய்விட்டாள்.

எங்களிடம் அவள் படம் ஏது? பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்று அம்மை முதலாளி வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். "அத முதலாளிக்க மக கல்யாணம் முடிஞ்சு போகையில கொண்டு போயாச்சு" என்று வேலைக்காரன் வாசலிலேயே சொன்னான். அம்மை திரும்பி நடந்தாள். அடுத்த நாள் காலையில் என்னை ஆபீசுக்கு அனுப்பினாள். அனுப்பாமல் வேறென்ன செய்வாள்? தங்கம் இருந்த இடத்தில் வேறொரு பிள்ளை உட்கார்ந்திருந்தது.

அந்த ஆபீசை இடித்து எவ்வளவோ காலமாகிறது. என்னோடு உடைத்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அம்மை கடைசிக்காலத்தில் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "தங்கத்துக்கு மூக்கு உன்னப்போலயா, அப்பனப்போலயா?" ஒருநாள் என்னைப்போல என்பேன், இன்னொரு நாள் அப்பாவைப்போல என்பேன். இரண்டுக்கும் அவள் தலையாட்டுவாள். எது சரி என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.