டிக்கெட் இல்லாத சிறுநீரகம்

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் நம் செக்கர் மனித குலத்தை இரண்டாகப் பிரித்தவர்: டிக்கெட் எடுத்தவர்கள், எடுக்காதவர்கள். சில வருஷங்களுக்கு முன் இரண்டாம் வகையில் மனைவியின் தம்பியே மாட்டினான். கடமை தவறாத செக்கர், மொத்த பஸ்ஸும் வேடிக்கை பார்க்க அபராதம் வசூலித்து, நடுவழியில் இறக்கியும் விட்டார். அதன்பின் மச்சான் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மனைவி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைச் சம்மதம் என்று செக்கர் பதிவு செய்துகொண்டார்.

இப்போது மனைவியின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. செக்கர் ஆஸ்பத்திரியில் சட்டைக் கையை மடித்தார்.

"என்னோடதுல ஒண்ணு எடுத்துக்குங்க டாக்டர். ரெண்டும் நல்ல கண்டிஷன்."

ரத்த வகை பொருந்தியது. அடுத்து, மனைவியின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் இவருடைய வெள்ளையணுக்களை விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பிழைக்கவில்லை.

"வயித்துல இருக்கிற குழந்தையோட செல்லுல பாதி அடையாளம் அப்பாவோடது சார்" என்றார் டாக்டர். "கர்ப்பமா இருந்தப்போ இவங்க உடம்பு அதைப் பார்த்து, வெளியாள்னு எதிர்ப்புப் பொருள் தயார் பண்ணிருக்கு. இன்னும் மறக்கலை. உங்க சிறுநீரகத்தை வெச்சா உடனே தாக்கிடும்."

"என்னையா? நான் இவ புருஷன்!"

"அது செல்லுக்குத் தெரியாது சார்."

கட்டிலிலிருந்து மனைவி ஈனக்குரலில் சொன்னாள்: "நான் வாயே திறக்கலைங்க."

மகனையும் மகளையும் சோதித்தார்கள். அப்பாவின் அடையாளம் சுமந்த குற்றத்துக்கு அவர்களும் நடுவழியில் இறக்கிவிடப்பட்டார்கள். "கூடப்பிறந்தவங்க இருந்தா சீக்கிரம் கூட்டிட்டு வாங்க. ரொம்ப நாள் தாங்காது" என்றார் டாக்டர்.

மச்சானின் பஞ்சர் கடை. அவன் டயரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாரு, மாமாவா? டிக்கெட் எடுத்தீங்களா?"

இலவச பாஸ் வைத்திருந்த செக்கர், அன்று காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டை நிஜமாகவே நீட்டினார்.

"அக்காவுக்கு முடியலடா மச்சான்." விஷயம் முழுவதையும் சொன்னார்.

மச்சான் கைக் கரியைத் துடைத்தான். "இதை இத்தனை நாள் சொல்லாம இருந்ததுக்கு உங்களுக்கு என்ன அபராதம் போடலாம்?" என்றபடியே ஷட்டரை இழுத்து மூடினான்.

மீண்டும் அதே சோதனை. ஆய்வக வாசலில் செக்கர் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார்.

"ஒரு செல்லுகூடச் சாகலை சார்."

மச்சான் அவர் தோளில் கை போட்டான். "பாத்தீங்களா மாமா, எங்கக்கா டிக்கெட் கேக்காமலே ஏத்திக்கிட்டா."

செக்கர் வாய் திறக்கவில்லை. இதையும் சம்மதம் என்றே பதிவு செய்துகொள்ளலாம்.