சிரிங்க பாய்

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆஸ்பத்திரி மேனேஜரிடம் சத்தம் போட்டேன். வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும்... எனக்கு பி.பி. உண்டு, சத்தம் போடக் கூடாது. என்ன செய்ய? போட வைத்துவிட்டார்கள்.

ஜாஃபர் பாய்க்கு பூந்தமல்லியில் சீட் கவர் கடை. பைக், ஆட்டோ, கார் எதுவானாலும் அளவெடுத்து, ரெக்ஸின் வெட்டி, தானே தைத்துக் கொடுப்பார். என் ஸ்கூட்டருக்குப் பன்னிரண்டு வருடமாக அவர்தான். மூன்று மாதத்துக்கு முன்னால் செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோனுக்கு சீட் கொடுக்கப் போனபோது, வண்டி மணலில் சறுக்கி விழுந்தார். வலது முன்கையில் எலும்பு முறிவு.

காட்டுப்பாக்கம் போகிற வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவு, ஏசி, வரவேற்பறையில் செயற்கை அருவி. அங்கே மாவுக்கட்டு போட்டார்கள்.

கட்டு ரொம்ப இறுக்கம். பாய் வலியில் துடித்திருக்கிறார். மனைவி மும்தாஜ் நர்ஸிடம் நான்கு தடவை போய்ச் சொன்னார்.

"கட்டு போட்டா வலிக்கத்தாம்மா செய்யும். ஆம்பளதானே, தாங்கமாட்டாரா?"

டாக்டர்? வந்தார். எக்ஸ்ரேயைப் பார்த்தார். போனார். கையைப் பார்க்கவில்லை.

மறுநாள் டிஸ்சார்ஜ். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்குக் கிளம்புகிறவர் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, டாக்டரைப் பற்றி நாலு வார்த்தை பேச வைத்து வீடியோ எடுப்பார்கள். ஃபேஸ்புக்கில் போடுவார்கள். முகம் களையாக இருந்தால் ரோட்டோரம் பேனரும் வைப்பார்கள். பாய்க்குக் களையான முகம். பேனர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகும் வலி அடங்கவில்லை, விரல்கள் அசையவில்லை. ஆஸ்பத்திரிக்கு போன் செய்தால், "ரிவ்யூ திங்கக்கிழமதான் சார்." இரண்டு நாள் பொறுத்துவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினார்கள். அங்கே டியூட்டியில் இருந்த பெண் டாக்டர் முதலில் கட்டை வெட்டினார், அப்புறம்தான் பெயரைக் கேட்டார். ரத்த ஓட்டம் நின்று தசை செத்துவிட்டதாம். முதல் நாளே கட்டைத் தளர்த்தியிருந்தால் கை பிழைத்திருக்குமாம்.

இரண்டு ஆபரேஷன் ஆயிற்று. வலது கை விரல்கள் உள்பக்கமாக மடங்கியே இருக்கின்றன. பாயால் கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. கடை பூட்டியிருக்கிறது.

சிகிச்சை விவரம் எழுதிய கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கத்தான் செவ்வாய்க்கிழமை பாய், மும்தாஜ், நான் மூன்று பேரும் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாய்க்கு வரவே மனசில்லை.

"வேணாம் மேடம். டாக்டர் நல்ல மனுசன். சலாம் சொன்னா திருப்பிச் சொல்வாரு."

மேனேஜர் எங்களை உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "இங்க ஒரு குறையும் இல்லன்னு சாரே சொல்லியிருக்காரே" என்று கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஃபேஸ்புக்கில் வந்தது வெட்டி ஒட்டியது. அவர் திறந்தது முழு வீடியோ.

திரையில் பாய். இடது கையில் பூங்கொத்து. "நல்லா பாத்துக்கினாங்க. டாக்டர் தங்கமான மனுசன்." ஒரு நொடி நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "வெரல்தான் சார் மரத்துப்போன மாரி கீது" என்கிறார்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அதெல்லாம் சரியாய்டும். கைய மேல தூக்குங்க, கட்டு தெரியணும். சிரிங்க பாய்."

பாய் சிரிக்கிறார். கட்டுக்கு வெளியே நான்கு விரல்களும் வீங்கி, நீலம் பாரித்து நிற்கின்றன. மருத்துவம் படிக்காத எனக்கே தெரிகிறது.

மேனேஜரும் அதை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவசரமாக மூடினார். அந்த வீடியோவின் பிரதி ஒன்று கேட்டேன்.

"முடியாது மேடம். பேஷன்ட் பிரைவசி."

யாருடைய பிரைவசி? பேஷன்ட் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பத்தடி உயரத்துக்குப் பெரிதாக்கி சிக்னலில் தொங்கவிட்டபோது இந்த பிரைவசி எங்கே போயிருந்தது? இதைத்தான் கேட்டேன். கொஞ்சம் பலமாக. கேஸ் ஷீட்டுக்கு எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். நோயாளி கேட்டால் மூன்று நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது விதிமுறை. எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை வரவில்லை.

திரும்பி வரும்போது, ஆட்டோவில் மும்தாஜ் தன் போனை எடுத்தார். கம்ப்யூட்டரில் ஓடிய வீடியோ முழுக்க அதில் இருந்தது.

"இவரு வீடியோன்னு சொன்னாங்கோ இல்ல, மவளுக்கு அனுப்பலாம்னு அங்கயே போன்ல புடிச்சேன்க்கா."

பாய் அதை மூன்று முறை பார்த்தார். விரல்களைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

"உசுரு போற வலி மேடம் அன்னிக்கு. நான் இன்னாத்துக்கு சிரிக்கிறேன்?"

எனக்குப் பதில் தெரியும், அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். நாம் எல்லோருமே அப்படித்தான் பாய். டாக்டர் அறைக்குள் போனால் வலியைச் சொல்வதற்கே மன்னிப்பு கேட்கிறோம். ரெண்டாவது கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று முதல் கேள்வியையும் விழுங்குகிறோம். குணமாவதற்கு முன்பே நன்றி சொல்லிவிடுகிறோம். கெட்டது நடந்தால் சொந்தக்காரர்கள் வந்து, எல்லாம் நஸீபு, விதி என்று முடித்து வைக்கிறார்கள். நான்கு தடவை சொன்னதைக் காதில் வாங்காததற்கு விதி என்றா பெயர்?

வெள்ளிக்கிழமை மருத்துவக் கவுன்சிலுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் புகார் எழுதினோம். பாய் மறுக்கவில்லை. இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

கோணல்தான்... ஆனால் பெயர் நன்றாகவே படிக்க முடிகிறது.