நாற்பதாவது பல்

என் மாமா கை வைத்து ஓடாத வண்டி தாராவியிலேயே கிடையாது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. எண்பதுகளில் பாதி தாண்டியிருக்கும். எனக்கு ஒன்பது வயது, வாய் மட்டும் பத்தொன்பது வயது என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். மாமா அம்மாவின் தம்பி. மெயின் ரோட்டை ஒட்டிய சந்தில் தகரக் கொட்டகை போட்டு, டாக்சிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. பள்ளி இல்லாத நாளெல்லாம் நான் அங்கேதான் கிடப்பேன்.

அப்போதுதான் புது மாதிரிக் குட்டிக் கார் ஒன்று ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. மாட்டுங்காவிலிருந்து ஓர் அதிகாரி தன்னுடையதை மாமாவிடம் கொண்டுவந்தார். பெல்ட் மாற்ற வேண்டும், கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்றார். எஞ்சினுக்குள் கீழே ஒரு பல்சக்கரம், மேலே ஒரு பல்சக்கரம் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று கணக்குத் தப்பாமல் சுற்றவேண்டும். டாக்சிகளில் அந்த வேலையைச் செய்வது இரும்புச் சங்கிலி. இந்தக் காரிலோ உள்பக்கம் பல் வைத்த ரப்பர் பெல்ட். மாமா அதுவரை அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

எதிர்க் கொட்டகைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். "அரே அண்ணா, யே கம்பெனி கா காம் ஹை, சோட் தோ" என்று சிரித்தார். கம்பெனிக்காரன் வேலை உனக்கெதற்கு, விட்டுவிடு என்று அர்த்தம். மாமாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"சனிக்கிழமை நாலு மணிக்கு வாங்க சார். நீங்களே ஓட்டிட்டுப் போலாம்" என்று அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னார்.

"ஆகலேன்னா சொல்லிடுங்கோ மேஸ்திரி. கயிறு கட்டி இழுத்துண்டு போயிடறேன்" என்றார் அதிகாரி. கயிறு கட்டி இழுத்துப் போனால் தெருவே கூடி நின்று பார்க்கும். மானம் கப்பலேறிவிடும். அன்று சாப்பிடும்போது மாமா அத்தையிடம் சொன்னது எனக்கும் கேட்டது. "இனிமே வரப்போறதெல்லாம் இந்த வண்டிதான். இதத் தொட முடியலைன்னா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

சனிக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்தது. மாமாவுக்கென்று ஒரு முறை உண்டு. சங்கிலியைக் கழற்றுமுன் அத்தையின் நகப்பாலிஷால் இரண்டு சக்கரத்திலும் ஒவ்வொரு பொட்டு வைப்பார். அவற்றுக்கு நேராகச் சங்கிலியிலும் இரண்டு பொட்டு. அந்தப் பொட்டுகளுக்கு நடுவே எத்தனை பல் என்று எண்ணி, புதுசிலும் அதே கணக்கில் பொட்டு வைத்து மாட்டுவார். பெல்ட்டுக்கும் அப்படியே செய்யலாம் என்று முடிவு செய்தார். ஆனால் அவர் கையெல்லாம் கிரீஸ்.

"ஏட்டி மருமவளே, சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வா. ரப்பர்ல எண்ணெ பட்டாப் போச்சு. புதுச நீதான் எண்ணணும்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொட்டகைக்கு வெளியே இருந்த டிரம்மில் தண்ணீர் மொண்டு முழங்கை வரை கழுவினேன். நான் திரும்புவதற்குள் மாமா பழைய பெல்ட்டை எண்ணி முடித்திருந்தார்.

"நாப்பது. நாப்பதாவது பல்லுல பொட்டு வையி."

நான் புது பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். "லாபம்" என்று சொல்லித்தான் எண்ண ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதல் பல்லில் ஒரு பொட்டு வைத்து லாபம் என்றேன். பிறகு அடுத்தடுத்த பல்லைத் தொட்டு ஒண்ணு, ரெண்டு என்று நாற்பது வரை போய், அங்கேயும் சிவப்பாகப் பொட்டு வைத்தேன்.

பெல்ட் ஏறியது. பொட்டும் பொட்டும் நேருக்கு நேர் நின்றன. மூடியைப் பூட்டி மாமா சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பியது, ஆனால் குளிர்காய்ச்சல் கண்டவன்போல் உதறியது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் படார் என்று வெடித்து உட்கார்ந்துவிட்டது. எதிர்க் கொட்டகையில் யாரோ கைதட்டினார்கள்.

மாமா பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். வயர்களை வரிசை பார்த்தார். பெட்ரோல் வருகிறதா என்று வாயால் உறிஞ்சிப் பார்த்துத் துப்பினார். கார்பரேட்டரைப் பிரித்து ஊதினார். எதற்கும் வண்டி மசியவில்லை. மணி இரண்டாகிவிட்டது. பெல்ட்டை ஒருமுறை பார்க்கலாமே என்று ஒரு டாக்சிக்காரர் சொன்னபோது மாமாவுக்குக் கோபம் வந்தது. "அது எம் மருமவ எண்ணினது. கணக்குல நூத்துக்கு நூறு வாங்குதவ அவ. அதுல தப்பு வராது" என்றார். எனக்குப் பெருமையில் உடம்பு பூரித்தது, அவர் முகத்தைப் பார்க்கத்தான் அழுகை வந்தது.

பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்குள் போனேன். அத்தைக்கு இட்லி வியாபாரம். மறுநாள் மாவுக்கு அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். "லாபம், ரெண்டு, மூணு..."

"அத்தை, ஒண்ண விட்டுட்டீங்க!"

"எதுக்கு விடப்போறேன்? லாபந்தாம்ட்டி ஒண்ணு. மொத அளவ ஒண்ணுன்னு சொல்லக் கூடாதுன்னு லாபம்னு சொல்லுதோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நானோ அதைப் பிள்ளையார் சுழி மாதிரி என்று நினைத்திருந்தேன். சுழியைப் போட்டுவிட்டு அப்புறம்தானே எழுத ஆரம்பிப்போம்! கொட்டகைக்கு ஓடினேன்.

"மாமா, நீங்க லாபத்தையும் சேத்தா எண்ணுனீங்க?"

"பின்னே?"

"நான் சேக்கலையே! நீங்க தப்பா எண்ணியிருக்கீங்க மாமா!"

மாமா கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு அந்தச் சந்தே அதிரும்படி சிரித்தார். "ஒரு பல்லு! ஒரே ஒரு பல்லு!" என்று மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். பெல்ட்டைத் தளர்த்தி ஒரு பல் தள்ளி மாட்டி, எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அவர் சாவியைத் திருப்பும்போது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

வண்டி ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அப்படியொரு சீரான சத்தத்தை அந்தக் கொட்டகை கேட்டதே இல்லை. மாமா டீக் கிளாசை எஞ்சின் மேல் வைத்து, ஒரு டாக்சிக்காரரிடம் ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். டீ தளும்பவில்லை. டாக்சிக்காரர்கள் விசிலடித்தார்கள். எதிர்க் கொட்டகைக்காரரே வந்து மாமாவின் கையைக் குலுக்கினார். நாலு மணிக்கு வந்த அதிகாரி என்னையும் மாமாவையும் ஏற்றிக்கொண்டு சயான் வரைக்கும் போய்த் திரும்பினார். நான் முன்சீட்டில் ராணிபோல உட்கார்ந்திருந்தேன்.

"என்னதான் கோளாறு மேஸ்திரி?" என்று நாங்கள் இறங்கும்போது அதிகாரி கேட்டார்.

"ஒரு பல்லு தப்பிப்போச்சு சார். நான்தான் தப்பா எண்ணிட்டேன். இந்தா நிக்காளே, இவதான் கண்டுபிடிச்சா."

ஆமாம் ஆமாம் என்று நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அந்தக் குட்டிக் கார்கள் வரிசையாக எங்கள் சந்துக்கு வந்தன. எதிர்க் கொட்டகைக்காரர் மட்டும், நாற்பது வரை எண்ண வருமா என்று மாமாவை வருஷக்கணக்கில் கிண்டலடித்தார். நானும் விடவில்லை. மாமா நட்டு எண்ணினால்கூட "பாத்து மாமா" என்பேன். அவர் சிரிப்பார்.

கல்யாணமாகிச் செம்பூருக்கு வந்து, என் மகளுக்கு இந்தக் கதையை வெகு ஜம்பமாகச் சொன்னேன். அவள் பாதியிலேயே குறுக்கிட்டாள். "அவர் எப்படி எண்ணினாரோ அப்படித்தானே நீயும் எண்ணியிருக்கணும்? அப்போ தப்பு உன்னுதுதானேம்மா?"

விரல்விட்டு மறுபடி எண்ணிப் பார்த்தேன்; அவள் சொன்னதுதான் சரி. தன் பேரே போகவிருந்த நாளில், தெருவே பார்க்க அதை மீட்டெடுத்த கையோடு, எனக்காக அதிலேயே ஒரு கறையையும் பூசிக்கொண்டிருக்கிறார் மனுஷன். ஒன்பது வயதில் எனக்கு அது உறைக்கவே இல்லை. உடனே ஃபோன் போட்டு, "ஏன் மாமா சொல்லவே இல்லை?" என்று அழுதேன்.

"வண்டி ஓடுச்சா இல்லையா? பொறவு என்னட்டி?" என்றார்.