பைக்குள் திரும்பப் போட்ட சிவப்பு மணி

குற்றாலத்துப் பாசிக்கடையில் வாங்கிய மூன்று வெள்ளை மணிகள், ஒரு சிவப்பு மணி, அவற்றைப் போட ஒரு துணிப்பை. கணக்கு டீச்சர் அந்தப் பையை எங்கள் முன்னால் குலுக்கிய ஞாயிற்றுக்கிழமையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை. பாப்பா, தம்பி, நீங்கள் இருவரும் விவரம் தெரிந்தவர்களாகிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

தென்காசியில் பத்தாவது தவறியவர்களுக்காக நடந்த வகுப்பு அது. வேன் ஓட்டிக்கொண்டிருந்த நான், அரசு ஓட்டுநர் வேலைக்கு மனுப் போடலாம் என்று அதில் சேர்ந்திருந்தேன். டீச்சருக்கு எங்கள் எல்லோரையும்விட வயது குறைவு. எங்களை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். "தெரியாததுக்கு எக்ஸ்னு ஒரு பேரு வச்சிருங்க, பாதி பயம் போயிரும்" என்பார். எனக்குள் இருந்த பயத்துக்குப் பேர் வைக்கத்தான் துணிவில்லை.

பாப்பா, நீ அப்போது சின்னப்பிள்ளை. மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் எழுந்து விளையாடுவாய். நான் என் மாமன் மகளைக் கட்டியவன். எங்கள் இருவர் ரத்தத்திலும் ஒரே குறை ஒளிந்திருந்தது. எங்களை அது ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பக்கமிருந்தும் சேர்ந்து வந்ததால் உன்னைப் பிடித்துக்கொண்டது. எங்களுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு இந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்றார் டாக்டர். அம்மா மறுபடி உண்டானபோது, மதுரைக்குப் போய்க் கருவைச் சோதித்துப் பாருங்கள் என்றார். வீட்டில் யாரும் அசையவில்லை. உங்கள் தாத்தா விரலை மடக்கிக் காட்டினார். "நாலுல ஒண்ணுன்னுதான சொன்னாவ மாப்ளே? அந்த ஒண்ணு வந்துட்டுல்லா. இனி பொறக்கப்போற மூணுக்கும் கவலையே கெடையாது." அந்தக் கணக்கை நானும் நம்பினேன். நம்பினால்தான் தூக்கம் வந்தது.

அன்றைக்கு நிகழ்தகவுப் பாடம். டீச்சர் பையை நீட்ட, அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி ஒருவர் கைவிட்டு எடுத்தார். சிவப்பு. டீச்சர் அதை வாங்கித் திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்கினார்.

"இப்பவும் செவப்பு வருமா அண்ணாச்சி?"

"அதெப்படி வரும்? அதான் ஒருக்க வந்துட்டே. இனி மூணு தடவ வெள்ளதான்."

"எடுங்க, பாப்போம்."

மறுபடியும் சிவப்பு. "எண்ணெய்க் கைல்லா, ஒட்டிக்கிட்டு வருதுலே!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது.

டீச்சரும் சிரித்தார். "முன்னால எது வந்துச்சுன்னு பைக்குத் தெரியாதுல்லா. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் நாலுல ஒண்ணு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் தாத்தா மடக்கிக் காட்டிய விரல்தான் நினைவுக்கு வந்தது. வகுப்பு கலைந்ததும் அவரிடம் போய் நின்றேன். "மணிக்குப் பதிலா பிள்ளைன்னா, டீச்சர்?"

"பிள்ளைக்கும் அப்படித்தான். எதுக்குக் கேக்கிய?"

சொன்னேன். அவர் கையிலிருந்த பையை மேசைமேல் வைத்துவிட்டார். "கணக்கு இம்புட்டுதான் சொல்லும் அண்ணாச்சி. டாக்டர் சொன்னபடி செய்யுங்க. நாளைக்கே கெளம்புங்க."

கிளம்பினோம். மதுரை போய்ச் சேரும்வரை உங்கள் அம்மா என் கையை விடவில்லை. நோய் இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வோம் என்று கேட்க இருவருக்கும் நாக்கு எழவில்லை. முடிவு வரும்வரை, போன் அடித்தால் வேனை ஓரங்கட்டிவிட்டுத்தான் எடுப்பேன்.

தம்பி, உனக்கு நோய் இல்லை என்றார்கள். எங்களைப் போலக் குறை மட்டும் உனக்குள் ஒளிந்திருக்கிறது என்றார்கள். நான் அழுதேன். உங்கள் தாத்தாவோ, "நான் அப்பவே சொன்னம்லா மாப்ளே!" என்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். தப்பான கணக்குக்குச் சரியான விடை வந்துவிட்டது. அதுதான் என்னை இன்றுவரை பயமுறுத்துகிறது. அவர் கணக்கைத்தான் சொந்தத்தில் எல்லோரும் நம்புகிறார்கள்.

தம்பி, போன வாரம் உன் அத்தை வந்திருந்தபோது, தன் மகளை உனக்குத்தான் கொடுப்பேன் என்று சொல்லிச் சிரித்தாள். நீ வெட்கப்பட்டு வெளியே ஓடினாய். எனக்குப் பழைய பயம் திரும்ப வந்தது. அத்தை மகள் நல்ல பிள்ளைதான். ஆனால் யாராக இருந்தாலும், அவள் ரத்தத்தைச் சோதிக்காமல் நீ தலையாட்டாதே. அத்தை கோபித்துக்கொள்வாள். கோபிக்கட்டும். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.