ஆதிலட்சுமி தட்டாத பலகை

ஒட்டுப்பலகையை நம்பக் கூடாது என்பது எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். மேலே வழவழவென்று இருக்கும். உள்ளே ஒரு தகடும் இன்னொரு தகடும் சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பொந்து கிடக்கும். பிரெஞ்சுக்காரர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய பிறகு, புதுச்சேரிக்கு வேலை மாற்றலாகி வந்த ஆபீசர்மாருக்கெல்லாம் பீரோ சீக்கிரமும் வேண்டும், சல்லிசாகவும் வேண்டும். அதற்கு இந்தப் பாழாய்ப்போன பலகைதான் தோதாக இருந்தது.

பொந்தைக் கண்டுபிடிக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கெட்டியான இடத்தில் டக் என்னும். பொந்தின் மேல் டொப் என்னும். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, துளை போட்டு, மரத்தூள் குழைத்த வஜ்ஜிரப் பசையை உள்ளே இறக்கி, இறுக்கிக் கட்டி வைப்பார்கள். கீல் வருகிற இடமாக இருந்தால் பசை உதவாது. அந்தத் துண்டையே வெட்டிவிட்டுக் கட்டை சொருக வேண்டும். நான் பாலிஷ் போடுகிறவன், மேலே மினுக்குவதோடு என் வேலை முடிந்தது. உள்ளே இருப்பதற்கெல்லாம் கன்னியப்பன்தான் பொறுப்பு.

அவர் பஞ்சாலையில் தறிகளுக்கு மரவேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். முதலியார்பேட்டையில் என் வீட்டுக்குப் பக்கத்து வீடு. வாய் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். நாங்கள் அவரைக் கர்வம் பிடித்தவர் என்றே நினைத்தோம். மத்தியானம் சோறு கொண்டுவரும் அவர் மனைவி ஆதிலட்சுமி அவருக்கு நேர் எதிர். அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை சும்மா உட்காராமல், அடுக்கியிருக்கும் பலகைகளைத் தட்டிக்கொண்டே நடப்பாள்.

"என்னக்கா, மேளம் பழகுறீங்களா?" என்று கேட்பேன்.

"ஆமாடா, உன் கல்யாணத்துக்கு வேற யாரு வாசிக்கிறது?" என்பாள்.

அவள் போன பிறகு பலகைகளில் சுண்ணாம்பு வட்டங்கள் இருக்கும். அவர் போட்டவை என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். தறிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது என்பதை ஆதிலட்சுமி பின்னால்தான் எனக்குச் சொன்னாள். பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால் கேட்கும். டக்குக்கும் டொப்புக்கும் வித்தியாசம் தெரியாது. அவர்கள் இரண்டு பேரும் சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்குள் நடக்கும் அந்தப் பேச்சு மகள் சந்திரகலாவைத் தவிர யாருக்கும் தெரியாது.

சந்திரகலாவுக்குப் புதுச்சேரியை ஒட்டின மேட்டுப்பாளையத்தில் இடம் வந்தபோது இந்த ரகசியம் இன்னும் கெட்டிப்பட்டது. மாப்பிள்ளையின் அம்மா தனக்கொடி நிலபுலம் உள்ளவள். அந்த அம்மாளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. மூத்த மருமகளுக்குப் பிறந்த பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தாயையும் பிள்ளையையும் பிறந்த வீட்டுக்கே துரத்திவிட்டவள். பெண் பார்க்க வந்த அன்றே, "உங்க வம்சத்துல செவிடு ஊமை யாரும் இல்லியே?" என்று கேட்டாள். ஆதிலட்சுமி முந்திக்கொண்டு இல்லை என்றாள். தறியில் போன காது ரத்தத்தில் வராது என்று சொன்னால் அவளா நம்புவாள்?

சீருக்குக் கண்ணாடி வைத்த பீரோ கேட்டார்கள். பலகை வந்து இறங்கிய வாரம் ஆதிலட்சுமி ஊர் ஊராகப் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். முகூர்த்தமோ நெருங்கிவிட்டது. வேறு யாரையாவது தட்டிப் பார்க்கச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். கன்னியப்பன் தானே தட்டினார், தடவினார், பெற்ற மகளுக்குச் செய்வது தப்பாகப் போகாது என்று நம்பினார். நான் அதற்குப் பாலிஷ் போட்டேன். முகம் தெரிந்தது.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம் கல்யாணம் நடந்தது. ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றும் நேரத்தில் பீரோக் கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு விழுந்து கண்ணாடி சுக்குநூறானது. சந்திரகலாவுக்கு அப்போது மூன்றாம் மாதம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகக் கண்ணாடி உடைந்ததற்குத் தனக்கொடி வீட்டையே இரண்டாக்கினாள். செய்தி கேட்டுக் கன்னியப்பனும் ஆதிலட்சுமியும் ஓடினார்கள்.

கீல் இருந்த இடத்தில் பலகையின் மேல்தோல் கிழிந்து, உள்ளே பொந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தனக்கொடி தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டாள்.

"தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா? தட்டிப் பாத்தா சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. ஒங்களுக்கு என்ன காது செவிடா?"

கன்னியப்பன் மகளைப் பார்த்தார். அவள் ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றிருந்தாள்.

"தெரிஞ்சுதாம்மா போட்டேன்" என்றார். "பொண்ணு வீட்டுக்குத்தானேன்னு கழிச்ச பலகையில செஞ்சுட்டேன்."

எந்தத் தகப்பன் வாயிலிருந்தும் வரக்கூடாத பேச்சு அது. வாழ்நாளில் ஒரு கழிசல் பலகையை மனசறிந்து அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. தனக்கொடி காறித் துப்பாத குறை. மாப்பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டான். ஏமாற்றுக்காரன் மகள் என்றால் ஏச்சோடு போகும். செவிடன் மகள் என்றால் வாழ்க்கையே போய்விடும். அவர் அந்த நொடியில் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

கிளம்பும்போது சந்திரகலா வாசல்வரை வந்தாள். உள்ளே மாமியார் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையால் வாயைப் பொத்தி அழுதுகொண்டே, தணிந்த குரலில் சொன்னாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்கப்பா. வந்தா என்னைக்காவது கண்டுபிடிச்சுடுவாங்க."

துணி மறைத்ததால் உதடு தெரியவில்லை. காதில் விழாததற்கெல்லாம் சரி சொல்லிச் சமாளிக்கிறவர் அன்றைக்கும், "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்தபடி அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு நடந்தார். வழியில், "என்ன சொன்னா?" என்று மனைவியைக் கேட்டார். "பத்திரமாப் போங்கன்னு சொன்னா" என்றாள் ஆதிலட்சுமி.

மறுநாளே அவர் புதுக் கதவுக்குப் பலகை எடுத்தார். ஒரு விரற்கடை விடாமல் ஆதிலட்சுமி தட்டிக் கொடுத்தாள். கீல் வரும் இடங்களில் தேக்குக் கட்டை சொருகினார். புதுக் கண்ணாடியும் பதித்தாயிற்று. கொண்டுபோகலாமா என்று கேட்டபோதெல்லாம் அவள் ஆடி போகட்டும் என்றாள், மழை விடட்டும் என்றாள். தலைப் பிரசவத்துக்குக்கூடத் தனக்கொடி சந்திரகலாவை அனுப்பி வைக்கவில்லை.

பேத்தி பிறந்தாள் என்று செய்தி வந்தது. நாலைந்து மாதம் கழித்து இன்னொரு செய்தி. கிலுகிலுப்பைச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கிறாளாம். அதைக் கேட்டதும் கன்னியப்பன் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டார். கை வண்டி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, கதவைத் தூக்கி வைக்க என்னைக் கூப்பிட்டார். தூக்கி வைத்தோம்.

ஆதிலட்சுமி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டாள். சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து எதையோ நெடுநேரம் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"அன்னைக்கு வாசல்லயா?" என்று கேட்டார்.

அவள் தலையாட்டினாள்.

"அதுக்கு நான் என்ன சொன்னேன்?"

அவள் உதடு அசைந்தது. அது எனக்கே புரிந்தது. சரிம்மா என்று சொன்னீர்கள்.

கன்னியப்பன் வண்டியில் இருந்த கதவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எறக்குப்பா" என்றார். "புள்ளைகிட்ட சரின்னு சொல்லிட்டேனாம். அப்ப போகக் கூடாது."