சீனியைக் கருக்கி வைத்த கோழி

நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் அப்படியல்ல. விரும்பிக் கட்டிக்கொண்டதால் இரண்டு வீட்டாரையும் எப்படியோ சமாளித்துவிட்டோம். எங்களுக்குள் சமாளிக்க வேண்டியிருந்தது கோழியும் மீனும் மட்டும்தான். அதற்கும் ஒரு வழி கண்டோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி, அதில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்தோம். அங்கே அவர் ராஜா. என்ன வேண்டுமானாலும் வைக்கலாம், தின்னலாம். கழுவிக் கவிழ்த்துவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். பாறசாலைக்கும் குளத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊரில் இப்படி இரண்டு அடுப்பு எரியும் வீடுகள் வேறும் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் டிரினிடாட் தீவில் பல வருடம் இருந்தார். ஹோட்டல்களில் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கமோ டிவியோ கொண்டுவருவார்கள். இவர் ஒரு கோழிக்கறியைக் கொண்டுவந்தார். அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரி சொல்லிக்கொடுத்ததாம். நாம் தேங்காயை வறுத்து அரைக்கிற இடத்தில் அவர்கள் சீனியைக் கருக்குகிறார்கள். காய்ந்த எண்ணெயில் சீனியைப் போட்டு, அது உருகி நுரைத்துக் கறுத்து வரும்போது கோழியைப் போட்டுப் புரட்ட வேண்டும். கறிக்கு நிறம், ருசி எல்லாம் அந்தக் கருக்கலில்தான் என்பார். ஞாயிற்றுக்கிழமையானால் சாய்ப்பில் புகை எழும். நான் முன்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இனி வீட்டுக்குத் தீப்பிடிச்சாலும் எனக்குத் தெரியப் போறதில்ல" என்று சத்தம் போடுவேன். பதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. திருவனந்தபுரத்தில் கதிர்வீச்சு கொடுத்தார்கள், எங்கள் ஊரில் கரண்டு வைப்பது என்பார்கள். கட்டி கரைந்தது, கூடவே மனிதரும் கரையத் தொடங்கினார். சட்டை தோளில் நிற்கவில்லை. கஞ்சி, குழையவிட்ட சோறு, பருப்பு, ஏத்தங்காய் மசியல் என்று எதை வைத்தாலும் நாலு வாய், அதோடு தட்டைத் தள்ளிவிடுவார். எடை பார்த்த டாக்டர், இப்படியே குறைந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் ஆகாரம் கொடுக்க வேண்டிவரும் என்று சொன்னார். ருசி தெரிகிறதா என்றும் கேட்டார். "உண்டு டாக்டர், அதுக்கொண்ணும் குழப்பமில்ல" என்று இவர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

திரும்பி வரும்போது காரில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்தக் குழாய் வேண்டாம்" என்றார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. "வேண்டாம்னா தின்னணும். வேற வழியில்ல" என்று வெடுக்கென்று சொன்னேன். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். பாலராமபுரம் தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எட்டீ, அந்த டிரினிடாட் கோழி எனக்கு வச்சுத் தருவியா?"

இவர் என்னிடம் கோழி கேட்பது இதுதான் முதல் தடவை. சாய்ப்பில் பத்து நிமிடம் நிற்க அவருக்குத் தெம்பில்லை, எனக்கும் அது தெரியும். "வச்சுத் தாறேன். ஆனா வாயில வச்சுப் பாக்க மாட்டேன்" என்றேன். "அதை நான் கேக்கல்லியே" என்றார்.

கோழிக்கடைக்கு, மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னைவிட இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள், வாய் கொஞ்சம் நீளம். கடைக்காரர் வெட்டுகிற சத்தம் கேட்டதும் நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். "அக்கா, கோழி உங்களைத் திருப்பி வெட்டாது" என்று அவள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பையை வாங்கித் தூக்கிப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

அவர் சாய்ப்பின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். குரல் கம்மிப்போயிருந்தாலும் அதிகாரத்துக்குக் குறைவில்லை. முதலில் எலுமிச்சையும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவச் சொன்னார். மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு மறு கையால் கழுவ முடியுமா என்று முயன்று பார்த்தேன். முடியாது. சேலைத் தலைப்பை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டேன். கை வழுக்கியது, எனக்கு ஓங்கரிப்பு வந்தது. முதல் நாள் இரண்டு தடவை வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், போதும் என்று சொல்லவில்லை. அதில் எனக்கு ஆத்திரம்கூட வந்தது.

மசாலையில்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தீவில் அரைக்கிற இலைகளெல்லாம் எங்கள் கிணற்றடியிலேயே நின்றன. நீளமாக, ஓரத்தில் முள்ளு முள்ளாக வளரும் ஆப்பிரிக்க மல்லி. களை என்று எத்தனையோ முறை பிடுங்கி எறிந்திருக்கிறேன். அப்புறம் பனிக்கூர்க்கை என்கிற கற்பூரவல்லி. சளி பிடித்தால் வாட்டிப் பிழிந்து கொடுக்கும் இலையைக் கோழியில் போடுவார்களா என்று கேட்டால், "அங்க போடுகாங்க" என்றார். இவற்றோடு பூண்டு, இஞ்சி, சின்ன உள்ளி சேர்த்து அரைத்துக் கோழியில் பிசறி வைக்க வேண்டும். மாலி முளகு என்கிற கடுங்காரக் குண்டு மிளகாய் ஒன்றை முழுசாகப் போடுவது வழக்கம். இப்போது தொண்டை தாங்காது என்பதால் அதை விட்டுவிட்டோம்.

சீனியில்தான் தோற்றேன். பாயசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கை, பொன்னிறம் வந்ததுமே பதறிக் கோழியைப் போட்டுவிட்டது. கறி வெளுத்துப்போய்ப் பாயசத்தில் கோழி முங்கியதுபோல் கிடந்தது. அவர் எட்டிப் பார்த்தார். "நிறம் போதாது" என்றார். அடுத்த தடவை எனக்கு ஒரு புத்தி தோன்றியது. அங்கே தவிட்டு நிறச் சீனி போடுவார்கள் என்று அவர் முன்பு சொல்லியிருந்தார். கறுப்பு நிறம்தானே வேண்டும், நம் வீட்டில் நல்ல கருப்பட்டி இருக்கும்போது சீனி எதற்கு என்று, அவரிடம் சொல்லாமல் கருப்பட்டியைத் தட்டி எண்ணெயில் போட்டேன். காப்பிக்கும் பணியாரத்துக்கும் கருப்பட்டி போட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரிக்குத்தான் இந்தப் புத்தி வரும். அது சீனியைப் போலத் தெளிந்து உருகவில்லை. பொங்கி, கட்டிபிடித்து, நான் கரண்டியைத் தேடுவதற்குள் அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. புகையில் அவர் இருமினார், இருமலுக்கு நடுவில் சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது. திட்ட வேண்டும் என்று நினைத்தவள் திட்டவில்லை.

அந்தக் கரியிலேயே கோழியைப் போட்டு வைத்த கறியைப் பக்கத்து வீட்டுக்காரி வாயில் வைத்ததும் மதிலோரம் ஓடித் துப்பினாள். அவள்தான் என் நாக்கு. நாங்கள் அப்படி ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். உப்பை நான் கடைசியில், அதுவும் குறைத்துத்தான் போடுவேன். ஒரு கிண்ணத்தில் நாலு சொட்டுச் சாறும் ஒரு துண்டும் மதிலுக்கு மேல் போகும். அவள் நக்கிப் பார்த்து, "லேசம் கூடி வேணும்" என்றோ, "இப்போ பாகமாக்கும்" என்றோ சொல்வாள். அவள் தலையாட்டிய பிறகுதான் அவருக்குப் பரிமாறுவேன்.

மூன்றாம் தடவை சீனியை விட்டுவிட்டு நான் நகரவில்லை. பொன்னிறம் போய், செம்பு நிறமும் போய், விளிம்பில் புகை தொடங்கியபோது "இப்போ போடு, போடு!" என்று அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். போட்டேன். சட்டி சீறியது. ஒவ்வொரு துண்டும் அந்தக் கறுப்பை வாங்கிக்கொண்டு மினுங்கியது. தண்ணீர் விட்டு, தேங்காய்ப்பாலும் கொஞ்சம் விட்டு, எலும்பிலிருந்து சதை கழன்று வரும்வரை வேகவைத்தேன். அவர் எட்டிப் பார்த்து, "இதாக்கும் நிறம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தைத் திருப்பித் தராமல் இன்னொரு துண்டு கேட்டாள். அவர் சோற்றைக் குழைத்துப் பிசைந்து, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக்கொண்டு, மெள்ள மெள்ளத் தின்றார். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். தட்டு காலியாயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கோழிதான். அடுத்த தடவை எடை பார்த்தபோது குறையவில்லை, சற்று ஏறியும் இருந்தது. இதே மாதிரி இன்னும் ஒரு தடவை வந்தால் குழாயை மறந்துவிடலாம் என்றார் டாக்டர். எனக்கு வந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. பிறந்து வளர்ந்து முட்டைகூடத் தொடாதவள், வாயில் வைத்துப் பார்க்காமலே ஒரு மனிதனைத் தேற்றி எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் கைப்பக்குவம் பற்றி நீட்டி முழக்கவும் செய்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், கிண்ணம் வருகிறதே என்று.

ஒருநாள் அவள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் பாலராமபுரம் போய்விட்டாள். காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் போனாள். இத்தனை தடவை வைத்தாயிற்று, இனி அவள் எதற்கு என்று எனக்கும் ஒரு மிதப்பு. வழக்கம்போல் வைத்தேன், பரிமாறினேன். அவள் இல்லாததால் வாய்விட்டுக் கேட்டேன், உப்பு எப்படி என்று. "பாகமாக்கும்" என்று சொல்லித் தட்டிலிருந்த கடைசித் துண்டுவரை தின்றார்.

சாயங்காலம் அவள் வந்ததும் சேலையைக் காட்டினாள், நான் கிண்ணத்தை நீட்டினேன். ஒரு வாய் வைத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு வாய் வைத்தாள்.

"அக்கா, இதுல உப்பே இல்லியே."

"குறைவா?"

"குறைவில்ல. தீரே இல்ல. நீங்க போடவே இல்லையாக்கும்."

யோசித்துப் பார்த்தேன். காலையில் கழுவும்போது கை நிறையக் கல்லுப்பு அள்ளிப் போட்டது மனதில் நின்றுவிட்டது. அந்த உப்பு கழுவின தண்ணீரோடு வாழை மூட்டுக்குப் போயிருந்தது. உப்புப் போட்டாயிற்று என்று நினைத்து அதற்குப் பிறகு நான் போடவே இல்லை. அவள் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காதில் ஏறவில்லை. ஒரு கல் உப்பு இல்லாத கறியைத்தான் அவர் பாகம் என்று சொல்லித் தின்றிருக்கிறார்.

உள்ளே போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"இஞ்ச பாருங்க, உங்களுக்கு ருசி எப்போ போச்சு?"

அவர் மழுப்பப் பார்த்தார். என் கையில் கிண்ணம் இருந்ததைக் கண்டதும் விட்டுவிட்டார்.

"கரண்டு வைக்கத் தொடங்கினப்பவே போச்சு. என்னத்தை வாயில வச்சாலும் நனைஞ்ச காகிதம் தின்ன மாதிரியாக்கும்."

"அப்போ டாக்டர்ட்ட உண்டுண்ணு சொன்னது?"

"நீ பக்கத்துல நின்னியே. ருசி அறியாதவனுக்கு வச்சுக் கொடுக்க உனக்குக் கை ஓடுமா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "பின்னே என்னத்துக்குக் கோழி கேட்டீங்க? எல்லாம் ஒண்ணுபோலத்தான்னா கஞ்சி போதும்லா? வாழ்நாள்ல தொடாத சாதனத்தை என்னைத் தொட வச்சு, கழுவ வச்சு... என்னத்துக்கு?"

அவர் பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். இப்போதெல்லாம் பேசுவதற்கும் அவருக்குத் தண்ணீர் வேண்டும்.

"கஞ்சின்னா நாலு வாய் குடிச்சிட்டுத் தள்ள எனக்கு எளுப்பமாக்கும். அதை நீ தினமும் வைக்கியதுதானே. இது அப்படியில்ல. நீ மூக்கைக் கெட்டிட்டு, ஓங்கரிச்சிட்டு, திரும்ப வந்து நின்னு வைக்கிய கோழி. அதுல ஒரு துண்டு மிச்சம் வைக்கக்கூட எனக்கு மனசு வராதுண்ணு எனக்குத் தெரியும். தின்னாத்தானே குழாய் வேண்டாம்? அதுக்காகத்தான் கேட்டேன்."

நான் கிண்ணத்தோடு சாய்ப்புக்குப் போய்விட்டேன். என் கைப்பக்குவம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது. இந்த மனிதர் தனியாக இதைச் சுமந்திருக்கிறாரே என்று ஆத்திரமாக இருந்தது. அழுகையும் வந்தது, அதை நான் அடக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, சட்டியில் மிச்சமிருந்த கறியை அடுப்பில் ஏற்றி, உப்புப் போட்டுக் கொதிக்கவைத்தேன். எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியாது. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. அன்று இராத்திரி அவர் தின்னும்போது எதிரிலேயே உட்கார்ந்தேன். வழக்கமாக அவர் கோழி தின்னும் இடத்தில் நான் உட்காருவதில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து, மென்று, தண்ணீர் குடித்து, விழுங்கினார். நெற்றி வேர்த்தது. அது எவ்வளவு பெரிய வேலை என்று அன்றுதான் பார்த்தேன்.

"உப்பு உண்டா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியல்ல" என்று சொல்லி அடுத்த துண்டை எடுத்தார்.